மாட்டிக்கொண்டவர்

"கழட்டக் கூடாது!" காந்திமதி அதட்டினாள்.

மூக்கையும் வாயையும் இறுக்கிய முகமூடிக்கு மேலே தனசிங்கின் விழி பிதுங்கியது. இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"நெஞ்சு ஆபரேஷனுக்கப்புறம் நுரையீரல் விரிய இதுதான் வழி. போடலைன்னா மறுபடியும் தொண்டைக்குள்ள குழாய்தான்!"

தனசிங் முகமூடியைப் பிய்த்தெடுத்தார். "முடியலம்மா! தாம்பரம் ரயில்ல வாசப்படியில தொங்குற மாதிரி காத்து அறையுது!"

"இதைத்தானே காலையிலேர்ந்து நானும் கத்தறேன்? நீங்க என்னை அதட்டினதை அப்படியே திருப்பிச் சொன்னேன். போட்டுக் காட்டறேன்னு வீரமா ஆரம்பிச்சீங்களே, டாக்டர்!" தையல் போட்ட மார்பில் தலையணையை அணைத்தபடி, கட்டிலில் சாய்ந்திருந்த காந்திமதி சிரித்தாள்.

டாக்டர் தனசிங் அசடு வழிந்தார். "அப்ப குழாயே போட்டுடலாமா?"

"யாருக்கு? என் மாஸ்க்கை மாட்டுங்க. உங்களைவிட ஒரு நிமிஷமாவது கூடுதலாத் தாங்கலைன்னா, நான் காந்திமதி இல்ல!"