நாலு முடிச்சு

"எனக்கு மட்டும் கார் ஓட்டத் தெரிஞ்சிருந்தா, இந்நேரம் உங்களை ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டிருப்பேன்!" என்று பல்லைக் கடித்தாள் பிரதீபா.

புருஷனும் பெண்டாட்டியுமாகத் திருப்பூரிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். வேடந்தாங்கலில் பறவை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு நாய் ரவிச்சந்திரனின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. இரண்டு பல் ஆழமாய்ப் பதிந்து ரத்தம் கொட்டியது. டீக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு அவன் காரை விட்டது ஆஸ்பத்திரிக்கு அல்ல. படாளத்தில் நாய்க்கடிக்கு மந்திரிக்கும் தீனதயாளன் வீட்டுக்கு.

"தொப்புளைச் சுத்திப் பதினாறு ஊசி, பிரதீபா! எங்க மாமா அலறினது இன்னும் என் காதுல இருக்கு."

ஆறடி ஆள். ஊசி என்றால் மட்டும் ஆறு வயது.

நாய்க்கடியால் ரேபிஸ் நோய் வந்துவிட்டால் உலகத்தில் எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது என்பது பிரதீபாவுக்குத் தெரியும்.

தீனதயாளன் லுங்கியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்து காயத்தைப் பார்த்தார். "கொழாயாண்ட குந்து நைனா. காலை நீட்டு."

"ஐயா, இது விளையாட்டு இல்லை. உயிர் சமாச்சாரம்" என்றாள் பிரதீபா.

"தெரியும்மா. எங்கப்பா மந்திரிச்சதுல ரெண்டு பேரு போயிட்டாங்க. என் கைக்கு வந்து ஆறு வருசம் ஆவுது, ஒரு உசுரு போவல!" அவர் மார்பைத் தட்டிக்கொண்டார். "எல்லாம் என் குரு போட்ட பிச்சை. அவங்க ரொம்பக் கண்டிப்பு. எண்ணிக்கையில ஒண்ணு கொறஞ்சாலும் வுடமாட்டாங்க."

பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று பிரதீபா மனசுக்குள் திட்டினாள்.

"அழுக்கு கீற எடத்துல மந்திரம் ஏறாது" என்று ரவியின் கையில் ஒரு சோப்புக்கட்டியைக் கொடுத்தார். குழாயைத் திறந்துவிட்டு, விடாமல் தேய்த்துக் கழுவச் சொல்லி, கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தார்.

முணுமுணுப்பு நீண்டுகொண்டே போனது. "சீக்கிரம் முடிங்கய்யா!" என்றாள். அவர் கையை மட்டும் உயர்த்தி அவளை அடக்கினார். சுவரில் ஆணிக்கு ஆணி கறுப்புக் கயிறு தொங்கியது. பெரும்பாலானவற்றில் நாலு முடிச்சு. ஊரில் இத்தனை ஏமாளிகளா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

ஒருவழியாக அவர் கண்ணைத் திறந்து குழாயை மூடினார்.

"மஞ்சள், சுண்ணாம்பு ஏதாவது வைக்கணுங்களா?" ரவி பவ்யமாகக் கேட்டான்.

"ஒண்ணியும் வெக்காத. மந்திரம் கலைஞ்சிடும்." புதுக் கயிறு ஒன்றை எடுத்து ஆணியில் மாட்டினார். "இதுல நாலு முடிச்சு வுழணும். நேரா செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போ. கடிவாயில மருந்து, கையில ஊசி. சீட்டைப் போட்டோ புடிச்சு வாட்ஸப்புல அனுப்பு, மொத முடிச்சு போடறேன். அப்பால மூணாம் நாளு, ஏழாம் நாளு, இருபத்தெட்டாம் நாளு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரு ஆஸ்பத்திரியில போட்டுக்கோ. ஒண்ணு வுட்டாலும் இது வெறும் நூலு."

"ஊசி... தொப்புள்லயா?"

"அதெல்லாம் எங்கப்பன் காலம். இப்ப எறும்பு கடிச்சாப்ல இருக்கும், அவ்ளோதான்."

"மந்திரத்துக்கு வேணும்னா போட்டுத்தானே ஆகணும்" என்று ரவி எழுந்து காரைக் கிளப்பப் போனான். பிரதீபா தீனதயாளன் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அப்படி என்ன மந்திரம் சொன்னீங்க?"

தீனதயாளன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுலேர்ந்து தொள்ளாயிரம் வரைக்கும் எண்ணினேம்மா. பதினஞ்சு நிமிசம் கழுவணும், அதுக்கு அத்தினி செகண்டாம். குரு கணக்கு."

பிரதீபாவுக்குக் கண் கலங்கியது. கைகூப்பினாள். "அந்தக் குருவை நான் பார்க்கணுமே."

"இப்ப அங்கதானே போறீங்க? ஊசி போடற எடத்துல நர்சு தமிழ்ச்செல்வின்னு கேளுங்க." அவர் முகமெல்லாம் பெருமை. "குருவைத் தேடி நான் எங்கியும் அலையலம்மா. எனக்கே பொண்ணா வந்து பொறந்துட்டாங்க!"