ஒரு சங்கிலித் தூரம்

பிச்சையம்மாள் நட்ட மரவள்ளிக் குச்சிகளை மூன்றாவது தடவையாகப் பிடுங்கி ஆற்றில் வீசினார் ஓவர்சியர் பரஞ்சோதி.

நான்காவது தடவையும் நட்டாள் பிச்சையம்மாள். அதே இடம். அதே இரண்டு வரிசை.

அலோர் ஸ்டாரில், மெர்கோங் பக்கம் ஆறு திரும்புகிற இடத்தில், கரைக்கும் சாலைக்கும் நடுவே ஒடுங்கிய துண்டுகளில் முப்பது குடும்பம் மரவள்ளி போட்டிருந்தது. ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருசம். அரிசி பேச்சில் மட்டும்தான் இருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்று, புருசனைச் சயாம் ரயில்பாதைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, இரண்டு பிள்ளைகளோடு அவள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தாள். இந்தக் கிழங்கும் இல்லையென்றால் அடுப்பில் வெறும் தண்ணீரைத்தான் வைக்கவேண்டும்.

ஆனால் ஆற்றுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து நகரச் சட்டம். தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு சங்கிலித் தூரத்துக்குள், அதாவது அறுபத்தாறு அடிக்குள், பயிர் வைக்கக்கூடாது, குடிசை போடக்கூடாது. மண்ணைக் கிளறினால் மழையில் கரை சரியும், ஊருக்குள் வெள்ளம் வரும்.

வெள்ளைக்காரன் ஓடிப்போனான். சட்டம் ஓடவில்லை. கரை வெறிச்சென்று கிடந்தால் தன் படகுகளுக்கு வசதி என்று ஜப்பான்காரன் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி நட்டால் அடி. எல்லை முளையையே இடம் மாற்றி அடித்தால் தலை இருக்காது என்று சொல்லி வைத்திருந்தான்.

அந்தக் கோட்டை அளந்து முளை அடிக்கிறவர்தான் பரஞ்சோதி. அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வாரா வாரம் வருவார். யாரோடும் சிரிக்கமாட்டார்.

ஆறு வரிசையில் நாலு வரிசை தப்பித்ததே, இரண்டை விட்டுத் தொலை என்று பக்கத்துத் துண்டு மருதம்மாள் அவளுக்குப் புத்தி சொன்னாள். ஒரு சங்கிலி எங்கேயாவது இவ்வளவு நீளம் இருக்குமா, நீளுவது சங்கிலி இல்லைக்கா, அந்த ஆளுடைய கை என்றாள் பிச்சையம்மாள்.

அந்தச் சனிக்கிழமை பரஞ்சோதி தனியாக வரவில்லை. கூடவே ஒரு ஜப்பான் அதிகாரியும், துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள்.

பரஞ்சோதி அவள் துண்டில் சங்கிலியை நீட்டிப் போட்டு, முளையைக் காட்டிவிட்டு, குச்சியைப் பிடுங்கக் குனிந்தார். பிச்சையம்மாள் சங்கிலியின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

“காலை எடும்மா.”

“எடுக்க முடியாது. வெள்ளைக்காரனுக்குச் சலாம் போட்டீங்க, இப்போ இவனுக்குப் போடுறீங்க. நாளைக்கு முதலை வந்து ஊரை ஆண்டாலும் போடுவீங்க. பசிச்ச பிள்ளை வாயில மண்ணைப் போடத்தான் இந்தச் சட்டமா?”

கரையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பரஞ்சோதி அக்கம்பக்கம் பார்த்தார். அதிகாரி நிற்கிறான், பேசாமல் போய்விடு என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அந்தத் தாழ்ந்த குரல்தான் அவளை உசுப்பிவிட்டது. அவளுடைய அப்பா பெண்டாங்கில் வயல் அளந்தவர்களுக்குச் சங்கிலி பிடித்த ஆள். ஒரு சங்கிலிக்கு நூறு கண்ணி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்த மனுசன் கண்ணியைக் கூட்டிக் கட்டியிருக்கிறார்!

அதிகாரி பக்கம் திரும்பினாள். கடைத்தெரு மலாயில், பாதி கைச்சாடையில், இந்தச் சங்கிலியில் மோசடி இருக்கிறது, நூறு கண்ணிதானா என்று நானே எண்ணிக் காட்டுகிறேன் என்றாள்.

அதிகாரி சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். பரஞ்சோதியை மேலும் கீழும் பார்த்தான். எண்ணு என்று தலையை ஆட்டினான். சிப்பாய் ஒருவன் போய்ப் பரஞ்சோதியை ஒட்டி நின்றான்.

பரஞ்சோதியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“வேணாம்மா,” என்றார்.

திருடன் அகப்பட்டான் என்று நினைத்துக்கொண்டாள் பிச்சையம்மாள்.

தண்ணீர் ஓரத்துப் பிடியிலிருந்து ஆரம்பித்தாள். கண்ணி கண்ணியாக விரலில் தள்ளி, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி தமிழில் எண்ணினாள். பத்து. இருபது. முப்பது. சனம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தது. ஐம்பதில் அவள் குரல் இன்னும் ஏறியது.

அறுபத்துமூன்றில், புதுக்கம்பியால் முறுக்கிய ஓர் ஒட்டு விரலில் தட்டியது. அதற்கு மேல் சங்கிலி கொஞ்சம்தான் கிடந்தது.

எழுபத்தெட்டில் பித்தளைப் பிடி கைக்கு வந்துவிட்டது.

கூடுதலாக இருக்கும் என்று நினைத்தது இருபத்திரண்டு குறைந்து கிடந்தது. அந்த இருபத்திரண்டையும் சேர்த்து நீட்டினால் கோடு எங்கே போய் விழும் என்று அவள் கண் தானாக அளந்தது. சாலை ஓரத்தில் விழும். அவளுடைய மிச்ச நாலு வரிசையும் போகும். மருதம்மாளுடையது போகும். முப்பது குடும்பத்துக் கிழங்கும் ஒன்றுவிடாமல் போகும். அதற்கும் முன்னால், இதோ நிற்கிற இந்தச் சிரிக்காத மனுசனின் தலை போகும்.

எழுபத்தெட்டு என்பது கரையில் எல்லார் காதிலும் விழுந்திருந்தது, தமிழ் தெரியாத அந்த மூன்று பேரைத் தவிர.

எத்தனை என்று மலாயில் கேட்டான் அதிகாரி.

பிச்சையம்மாள் குனிந்தாள். முளையைத் தாண்டி நின்ற தன் குச்சிகளில் முதலாவதைத் தன் கையாலேயே பிடுங்கினாள். பிறகு நிமிர்ந்து, அவன் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

“செராத்துஸ், துவான். முழுசா நூறு.”