ஜவுல்

பிக்காசால் நிலக்கரிச் சுவரைத் தட்டிவிட்டு, மறுபக்கத்து ஆள் பதிலுக்குத் தட்டுகிறானா என்று காது வைத்துக் கேட்பதற்கு எங்கள் டர்ஹாம் கடலோரச் சுரங்கத்தில் ‘ஜவுல்’ என்று பெயர். கூரை சரிந்து வழி அடைபட்டபோது நானும் கத்பர்ட்டும் உள்ளே மாட்டிக்கொண்டோம். காற்று குறைந்துகொண்டே வந்தது. சரிவின் மேல் தட்டினேன். பதில் இல்லை.

“சாவுமணி அடிக்கிறதத்தான் அந்தக் காலத்துல ஜவுல்னாங்களாம்,” என்றான் கத்பர்ட்.

“நல்ல நேரம் பாத்துச் சொல்றடா. தட்டு.”

அவன் எதிர்ச்சுவரில் தட்டினான். உடனே பதில் வந்தது.

“டேய், அந்தப் பக்கம் கடல்டா.”

“தெரியும். ஆனா ஆள் இருக்கானே.”

அவன் சுவரை வெட்ட ஆரம்பித்தான். நான் பாய்ந்து பிக்காசைப் பிடுங்கி என் காலடியில் போட்டேன். வெட்டும் சத்தம் நிற்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து நெருங்கி வந்துகொண்டிருந்தது.