பிளக்கில் சுண்ணாம்பு

விஜயதசமியன்று மெஷின் ஓடவில்லை.

வக்கீல் கஸ்தூரிரங்கன் சுவிட்சை மேலும் கீழும் தட்டிப் பார்த்தார். சீமையிலிருந்து கப்பலில் வந்த, துணி துவைக்கிற மெஷின். லஸ்ஸில் அவர் வீட்டில் மட்டும்தான் உண்டு. வந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை.

நவராத்திரிக்கென்று பின்கட்டைப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். மெஷினுக்காகச் சுவரில் புதிதாக ஒரு பிளக்கும் வைத்தாயிற்று. மராமத்து முடிந்து, ஆயுத பூஜையும் முடிந்து, இன்றைக்குத்தான் மெயினையே போட்டார்கள்.

விளக்கு எரிந்தது. மெஷின் ஊமையாக நின்றது.

"நன்னா ஓடிண்டிருந்தது. யாருக்குப் பொறுக்கலையோ" என்றார் கஸ்தூரிரங்கன், கிணற்றடியைப் பார்த்து.

கிணற்றடியில் தேவானை நின்றிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுத் துணியைத் துவைத்தவள். இப்போது துவைப்பதும் பிழிவதும் மெஷின். அதில் துணியைப் போட்டு எடுத்து உலர்த்துவது அவள் வேலை.

மெஷின் கெட்டால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். விழுந்தால் இந்த வீட்டு வாசல் இன்றோடு சரி.

முண்டகக்கண்ணியம்மா, என்று மனசுக்குள் கூப்பிட்டாள்.

ஐஸ் ஹவுஸிலிருந்து எலக்ட்ரிக் மிஸ்திரி உமர் ஃபாரூக் சைக்கிளில் வந்து சேர்ந்தார். புது பிளக்கை வைத்தவர் அவர்தான்.

அவர் மெஷினைத் தொடவில்லை. மெயினை அணைத்துவிட்டு, சுவரிலிருந்து ஒயரை உருவினார். பிளக்கின் ஓட்டைகளில் ஒரு குச்சியை விட்டுச் சுரண்டினார்.

குச்சியின் முனையைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கிணற்றடிப் பக்கம் திரும்பினார்.

அந்த முனை தேவானையின் கண்ணிலும் பட்டது. அவள் கிணற்றோரம் பின்வாங்கினாள்.

ஃபாரூக் குச்சியைச் சாக்கடைப் பக்கம் வீசினார்.

"ஒண்ணுமில்ல சாமி. வெள்ளையடிக்கச் சொல்ல சுண்ணாம்பு உள்ள பூந்துகினு கீது. மூடி வெக்காதது என் தப்பு."

வக்கீல் கத்தித் தீர்த்தார். ஃபாரூக் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

மெயினைப் போட்டதும் மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி, தண்ணீரைக் கலக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தேவானை கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வக்கீல் முன்கட்டுக்குப் போனார். தெருவில் மிஸ்திரியின் சைக்கிள் மணி கேட்டது.

பின்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த வக்கீல் மனைவி வேம்பு மட்டும் போகவில்லை. சாக்கடையோரம் கிடந்த குச்சியைக் குனிந்து எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முனையில் காய்ந்து ஒட்டியிருந்தது சந்தனம். அதன் மேல் ஒரு துளி குங்குமம்.

தேவானை எழுந்து நின்றாள்.

"புடவ புழிஞ்சி புழிஞ்சி தோளே போயிருந்திச்சிம்மா. அது வந்துதான் காப்பாத்திச்சி. அதுக்கு உசுரு அந்த பிளக்குலேர்ந்துதானே வருதுன்னு..."

மெஷின் குலுங்கிக்கொண்டே இருந்தது. வேம்பு குச்சியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"அடுத்த வருஷம் பொட்டை மெஷின் தலையில வைடி. போறும்."