டொமினிக்கின் முதல் போஸ்டர்

எதிர்க்கடை பூட்டியிருந்தது.

டொமினிக் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பார்த்தான். பக்கீரின் கருவாட்டுக் கடை வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கும் பெருநாளுக்கும் தவிர மூடியதே கிடையாது. இன்று செவ்வாய்க்கிழமை.

“பாத்தியே றோசம்மா, ஒரே ஒரு போஸ்டர். மனிசன் கடையைப் பூட்டிப்போட்டுப் போட்டார்.”

மனைவி றோசம்மா கருவாட்டை அடுக்கினாள். இவர்கள் கடை திறந்து நாலு மாதம். மன்னார்ச் சனமோ இருபது வருசப் பழக்கத்தில் எதிர்ப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. மடு மாதா கோயில் திருவிழாவுக்குள் வியாபாரம் பிடிக்காவிட்டால் கடையை மூடிவிட்டுத் தம்பியின் மீன்பிடி வள்ளத்தில் ஏறுவதென்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கடைசி முயற்சிதான் பேஸ்புக்.

முந்தின நாள் பின்னேரம் ஸ்டூடியோக்காரப் பொடியன் டிலோஜன் கடைக்கு ஒரு பக்கம் திறந்து, போஸ்டரும் செய்து, தன்னுடைய ஸ்டூடியோப் பக்கத்திலும் பகிர்ந்துவிட்டான். கல்யாணக் கோட்டோடு டொமினிக்கின் படம், சுற்றிவர வெள்ளைப் பூக்கள், நல்ல பெரிய எழுத்தில் பெயர்.

“வழக்கமா இந்த டிசைன்தான் அண்ணை செய்யிறனான். சனம் கட்டாயம் பாக்கும்.”

டொமினிக்குக்கும் பிடித்துப்போனது. கண்ணியமாக இருந்தது.

டிலோஜன் சொன்னது பொய்யில்லை. விடிவதற்குள் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்து ஏதோ ஒன்றை அமத்தியிருந்தார்கள். முந்நூறு கொமென்ட்.

“என்ன எழுதியிருக்கினம்?” என்றாள் றோசம்மா.

“அதையெல்லாம் ஆர் வாசிக்கிறது? எண்ணிக்கைதான் முக்கியம்.”

டொமினிக் பூட்டிய எதிர்க்கடையைப் படம் எடுத்தான். தானே எழுதியும் போட்டான்: ‘தரமில்லாத கடைகள் தானாகவே பூட்டுப்படும். நல்ல கருவாட்டுக்கு டொமினிக்.’

“உது பாவம்,” என்றாள் றோசம்மா.

“பாவம் பாத்தா வள்ளத்திலதான் ஏறவேணும்.”

பத்து மணியாயிற்று. எண்ணூறு பேரில் ஒருவர்கூடக் கடைப்பக்கம் வரவில்லை. றோசம்மா ஃபோனை வாங்கிக் கொமென்ட்டுகளை வாசிக்கத் தொடங்கினாள்.

“‘ஆழ்ந்த இரங்கல்.’”

“ஆருக்கு?”

“உங்களுக்கு.”

டொமினிக் கதிரையில் இருந்துவிட்டான்.

“‘அன்னாரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறட்டும்.’ இது கனடாவில இருக்கிற உங்கட மச்சான். ஒரு கோல் எடுத்துக் கேக்கேல்ல. ‘இவருடைய கருவாட்டுக்கு நிகரே இல்லை, கண்கள் பனிக்கின்றன.’ இது றொட்னி மாஸ்டர். இந்தக் கடையில ஒரு நெத்தலி வாங்கினதில்ல.”

போஸ்டரை இருவரும் இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார்கள். ‘பேசாலையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட திரு. டொமினிக் அவர்கள்’ என்று படத்துக்கு மேலே எழுதியிருந்தது. கருவாட்டுச் சங்கதி வருவதற்கு ‘மேலும் பார்க்க’ என்பதை அமத்த வேண்டும். அமத்துவதற்கு ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. டிலோஜன் அதுவரை செய்ததெல்லாம் மரண அறிவித்தல்கள்தான்.

டொமினிக் வேர்க்க வேர்க்க எழுதினான்: ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன். எல்லாக் கருவாடும் பத்து வீத விலைக் கழிவில்.’

கால் மணித்தியாலத்தில் நாலு லைக் வந்தது. கொமென்ட் ஒன்று. ‘விளம்பரத்துக்காக இப்படியுமா? வெட்கம்.’ எழுதியவர் றொட்னி மாஸ்டர். மனிதருக்கு உயிரோடிருக்கும் டொமினிக்கை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

“பக்கீர் நானாவின்ர கடைப் படத்தையாவது அழியுங்கோ,” என்றாள் றோசம்மா.

“அது கிடக்கட்டும். அதுக்கு அறுபது லைக் வந்திட்டுது.”

பதினொரு மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. பக்கீர்தான். கையில் ஒரு பை, சேர்ட்டெல்லாம் வியர்வை. டொமினிக்கைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தபடி நின்றார்.

“அல்ஹம்துலில்லாஹ். பேசாலையில அயலட்டைச் சனம் சொல்லிச்சு, ஒண்டுமில்ல எண்டு. கண்ணால பாத்தாத்தான் மனசு ஆறும் எண்டு நேரா இங்க வாறன்.”

“பேசாலைக்குப் போனீங்களோ நானா?”

“காலமை கடையைத் திறக்கப் போகக்குள்ளதான் கேள்விப்பட்டன், நீங்க மவுத்தாப் போனீங்க எண்டு. எதிர்க்கடைக்காரன் மவுத்தாக் கிடக்க நான் எப்பிடித் தம்பி தராசைத் தூக்கிறது? உடனே பஸ் ஏறிட்டன். போய்ப் பாத்தா வீடு பூட்டிக் கிடக்கு.”

பையை மேசையில் வைத்தார். உள்ளே சீனியும் தேயிலையும்.

“செத்த வீட்டுக்கெண்டு வாங்கினது. பரவாயில்ல, தேத்தண்ணி ஊத்திக் குடிங்க.”

றோசம்மா புருசனைப் பார்த்தாள். புருசன் சீனியைப் பார்த்தான். எண்ணூறு பேர் அழுத சாவுக்கு வீடு தேடிப் போனவர் இவர் ஒருவர்தான்.

“வாற வழியில பஸ்ஸில ஒரு புள்ள ஃபோனில காட்டிச்சு. உங்கட பக்கத்தில என்ட கடைப் படமும் போட்டிருக்கீங்களாமே. எனக்குச் சின்ன எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கீங்க, ஒருக்கா வாசிங்க.”

டொமினிக் ஃபோனைக் கையில் எடுத்தான். தொண்டையைச் செருமினான். பிறகு, அதில் இல்லாததை வாசித்தான்.

“‘எங்கட எதிர்க்கடை. இருபது வருசமா நல்ல கருவாடு. பக்கீர் நானா நல்ல மனிசன்.’”

பக்கீர் சேர்ட் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு இந்த விளம்பரமெல்லாம் தெரியாது தம்பி. நீங்களாச்சும் போட்டீங்களே. சிலாவத்துறையில இருக்கிற மகள் பர்ஸானாவுக்கு பஸ்ஸில இருந்தே கோல் எடுத்துச் சொல்லிட்டன். படிச்ச புள்ள, இந்நேரம் தேடிப் பிடிச்சு வாசிச்சிருப்பா.”