தவில் நிற்கவில்லை

"நிக்க மாட்டேங்குதே சனியன்!"

பாலகணேஷ் சுமோவின் டேஷ்போர்டில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

கேசட்டில் தவில் அடித்து நின்றுவிட்டது. வண்டிக்குள் மட்டும் அது 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே கிடந்தது.

வெளியே காளவாசல் வெயிலில் நின்றிருந்த வண்டிக்காரர் காசிமாயன் கண்ணாடியைத் தட்டினார். "நல்லாத்தானண்ணே இருக்கு, விடுங்க. நாளைக்குத் தங்கச்சி மகளுக்குச் சீர் கொண்டு போகணும். நான் இன்னும் உசிலம்பட்டி போய்ச் சேரணும்."

நல்லா இருக்காம்! ஊரே அதிர்ந்தால் போதும் என்கிற ஆளுக்கு எதுதான் நல்லா இருக்காது?

ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை ஆட்டிவிட்டால் மட்டும் போதாது. அடி முடிந்ததும் பிடித்து நிறுத்தவும் வேண்டும். அந்தப் பிடிக்குப் பெயர்தான் டேம்பிங் ஃபேக்டர். ஸ்பீக்கரின் மின்தடை, அதாவது ஓம், குறைந்தாலும் பிடி தளரும், வயர் மெலிந்தாலும் தளரும். மதுரையில் வண்டிகளுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற கடைக்காரர்களில் இதை மீட்டர் இல்லாமல் காதாலேயே கண்டுபிடிக்கிற ஒரே ஆள் பாலகணேஷ்தான். அதை அவரே சொல்லிக்கொள்வார், ஊரும் ஒத்துக்கொள்ளும்.

கோச்சடைத் திருவிழாவில் அவரே பதிவு பண்ணிய தவில் கேசட் ஒன்று உண்டு. நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, அதில் ஒரு அடியைக் கேட்பார். அடிக்கு அப்புறம் வருகிற அமைதியைக் கேட்பார். அது சுத்தமாக இருந்தால்தான் பின் கண்ணாடியில் கடை ஸ்டிக்கர் ஏறும்.

இந்த மாதம் ஒரு வண்டியிலும் ஏறவில்லை. இது நாலாவது.

முதல் வண்டிக்குப் பழி முத்திருளன் மேல் விழுந்தது. பதினோரு வருஷமாக அவரோடு வயர் இழுத்தவன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணே" என்றான். வந்ததே கோபம் இவருக்கு. "மெல்லிசு வயரைப் போட்டுட்டு எதுத்தா பேசுற? மொதல்ல காதக் கொண்டுபோயி டாக்டர்கிட்டக் காட்டுடா!" கடை வாசலில், நாலு பேர் பார்க்கத்தான் சொன்னார். அவன் ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்துவிட்டு நாகமலை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறியவன்தான்.

இன்றைக்கு விரல் தடிமனுக்கு வயர் போட்டாயிற்று. இரண்டு ஓமில் ஓடிய ஸ்பீக்கர்களைப் பிரித்து, நாலு ஓமில் ஒன்றை மட்டும் மாட்டியாயிற்று. இன்னும் என்ன எழவு வேண்டுமாம் இதற்கு?

பாட்டை நிறுத்தினார். எவ்வளவு எரிச்சலிலும் ஒரு பழக்கம் மட்டும் அவருக்குத் தவறாது. வயரில் கை வைக்கும் முன் ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கை அது பாட்டுக்கு அதைச் செய்தது.

வழக்கமாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார். காசிமாயனின் புலம்பலுக்குப் பயந்து இன்றைக்கு ஏற்றிய கண்ணாடியை இறக்கவில்லை. வியர்வை கண்ணில் வழிய, பின்சீட்டுக்குப் பின்னால் முட்டி போட்டு ஒவ்வொரு இணைப்பாக முறுக்கினார்.

'ம்ம்ம்.'

அடச்சே! பாட்டே இல்லை, இப்போதும் உறுமுகிறது. அப்படியென்றால் வயரும் இல்லை, ஓமும் இல்லை. ஆம்ப்ளிஃபயரே கோளாறு!

கதவைத் தள்ளித் திறந்து காசிமாயனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவைச் சாத்தினார். "இப்பக் கேக்குதா? வாயத் தெறந்து சொல்லுங்க, கேக்குதா இல்லையா?"

காசிமாயன் தலையைச் சாய்த்து, நிஜமாகவே மெனக்கெட்டுக் கேட்டார். "என்னதுண்ணே கேக்கணும்?"

இவரிடம் போய்க் கேட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார் பாலகணேஷ். முதலில் இந்த உறுமலை நிறுத்துவோம் என்று ஃபியூஸைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

ஃபியூஸ் இருக்கும் இடம் காலியாக இருந்தது.

கை மெல்லச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே இருந்தது.

விரலை நீட்டி ஸ்பீக்கரைத் தொட்டார். அது ஆடாமல் அசையாமல் இருந்தது.

'ம்ம்ம்.'

இரண்டு காதையும் பொத்திப் பார்த்தார்; அப்போதும் அது குறையவில்லை. பிறகு ஃபியூஸை மாட்டி, மூடியைத் திருகினார். ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துக் காசிமாயனிடமே கொடுத்து ஒட்டிக்கொள்ளச் சொன்னார்.

"அப்ப சரியாயிருச்சாண்ணே?"

"வண்டியில ஒண்ணும் இல்லண்ணே" என்றார் பாலகணேஷ். "நாகமலை புதுக்கோட்டை வழியாத்தானே போறீங்க? என்னைய முத்திருளன் வீட்டு வாசல்ல எறக்கி விட்ருங்க."