மேல்வரிசையும் கீழ்வரிசையும்

"இந்த மாசமும் ஒரு நூல்கூட நகரலையே!" என்றபடி பல் டாக்டர் சின்ன அளவுகோலை வாயிலிருந்து எடுத்தார்.

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து மல்லாந்திருந்தவள் 'வாலு', எட்டாம் வகுப்பு. அவள் தலைமாட்டில் சுழல் ஸ்டூலில் டாக்டரம்மா. சுவரோர பெஞ்சின் வலது கோடியில் அம்மா, வங்கியில் காசாளர். இடது கோடியில் அப்பா, அச்சக மெக்கானிக். நடுவில் அம்மாவின் கைப்பை, பெரிய மனுஷி மாதிரி இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு.

விவாகரத்து வழக்கு முடிந்து ஆளுக்கொரு வீடு ஆனபின், மூவரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது இங்கே மட்டும்தான். வாரநாளில் அம்மா வீடு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்தே நேராக அப்பா வீடு. பிள்ளை இரண்டு இடத்தில் வளர்வதால், மாதாமாதம் பல் கம்பியை இறுக்கும்போது இரண்டு பேரும் வந்தாக வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை.

"மேல்வரிசை முன்னால துருத்திக்கிட்டு நிக்குது, கீழ்வரிசை உள்ளே ஒளிஞ்சுக்கிட்டு நிக்குது. மேல் கொக்கிக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் ரப்பர் வளையத்தை மாட்டினாத்தான் கடி சரியாகும். சாப்பிடற நேரம் தவிர ராப்பகலா வாயில இருக்கணும். இருக்கா?"

"ஆங்ங்கா" என்றாள் வாலு. வாய்க்குள் கண்ணாடி இருந்தது.

அம்மா கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "என் வீட்டுல ஒழுங்காத்தான் இருக்கு டாக்டர். அங்க போயிட்டு வர்றதுக்குள்ள என்ன நடக்குதோ, யார் கண்டா?"

"கேட்டீங்களா டாக்டர்? ரெண்டு நாள் என்கிட்ட இருக்கறதுலதான் பல்லு கெட்டுப்போகுதாம். அஞ்சு நாள் வெச்சிருக்கற மகாராணிக்குப் பொறுப்பே கிடையாதாம்."

"மகாராணிக்கு ஆபீஸ் வேலை தலைக்கு மேல கிடக்கு, சண்டை போட நேரமில்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க டாக்டர்."

"நான் என்ன உங்களுக்குத் தூதுப் புறாவா? நடுவுல ஒரு கைப்பைதானே இருக்கு. நேராப் பேசிக்குங்க."

அப்பாவுக்கு இருமல் வந்தது. அம்மா கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து பெஞ்சின் மேலேயே தள்ளிவிட்டாள்.

"இன்னும் விடலையா இந்த இருமல்?" இதை மட்டும் கூரையிடம் கேட்கவில்லை.

"பாதி விட்டுடுச்சு."

தலைக்கு மேலிருந்த விளக்கின் பளபளப்பான மூடியில் பிரதிபலித்த அந்த இருவரையும் வாலு இமைக்காமல் பார்ப்பதை டாக்டர் கவனித்தார். ஆடு பகை, குட்டி உறவு என்று சும்மாவா சொன்னார்கள்! அவருக்கு ஏதோ பிடிபட்டது.

"சரி. அடுத்த மாசமும் நகரலைன்னா கம்பியைக் கழட்டிடுவேன். அதுக்கப்புறம் நீங்க யாரும் வர வேண்டாம்."

பெஞ்சின் இரண்டு கோடியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"கழட்டிட்டா... அவ்வளவுதானா டாக்டர்?" என்றாள் அம்மா.

"அவசரப்படாதீங்க டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே" என்றார் அப்பா.

வாலுவின் கண்ணோரம் நனைந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க."

கதவு சாத்தியதும் டாக்டர் நாற்காலியை நிமிர்த்தி, வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாரு கண்ணு. வைத்தியம் முடிஞ்சுட்டா அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துப் பார்க்க முடியாதுன்னு உனக்கு ஏக்கம். அதான் ரப்பரைக் கழட்டி எறிஞ்சுடறே. ஏங்கறது தப்பில்லை. அதுக்காக உன் வாயைப் பணயம் வைக்கலாமா?"

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு முறைத்தாள்.

"நானா? ஒரு ஆப்பிளை முழுசாக் கடிக்க மாட்டோமான்னு நான் தவிச்சுக்கிட்டிருக்கேன். கிளாஸ்ல என் பேரே தண்டவாளம்! பாதியில கழட்டினா இத்தனை நாள் பட்டதெல்லாம் வீணாப் போயிடுமேன்னுதான் அழுகையே வந்துச்சு."

"பின்ன ரப்பரை யாரு கழட்டறது?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யார்கிட்ட?"

வாலு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு பேர்கிட்டயும். தனித்தனியா."

டாக்டரின் கையிலிருந்த கண்ணாடி தட்டில் விழுந்தது.

"நான் தூங்கிட்டேன்னு நினைச்சு அம்மா வந்து கழட்டுவாங்க. ஒரு நாள் கையும் களவுமாப் பிடிச்சுட்டேன். 'அப்பாகிட்ட மூச்சு விடாதே'ன்னாங்க. அங்க போனா, 'வலிக்குதா ராஜாத்தி, கழட்டிடு, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்'பார் அப்பா. வலிக்கலைன்னு சொன்னாலும் விட மாட்டார். விலாங்கு மாதிரி நான் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டிக் காட்டி, நடுவுல என் பல்லுதான் போகுது!"

ஏக்கம் பிள்ளைக்கல்ல, பெற்றவர்களுக்கு! நேரில் கேட்டால் இரண்டு பேருமே அந்த இடத்திலேயே இல்லவே இல்லையென்று சாதித்துவிடுவார்கள் என்று டாக்டருக்குத் தெரியும். அன்று மாலை நோயாளிகள் போனபின் இரண்டு தாள்களில், இரண்டு விலாசங்களுக்கு, ஒரே வாசகத்தை எழுதினார்.

'அடுத்த மாதம் இதே தேதி, வழக்கமான நேரம், இருவரும் தவறாமல் வரவும். குழந்தையை அழைத்து வர வேண்டாம்.'

இரண்டு உறைகளையும் கோந்து தடவி ஒட்டி, தானே நடந்து போய்த் தெருமுனைத் தபால் பெட்டியில் சேர்த்தே போட்டார்.